அகில் மரம் வேறு, அகில் வேறு

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மஞ்சளைப் பற்றியோ தென்னையைப் பற்றியோ பேச அழைத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் சென்ற ஓராண்டாக உங்களில் பலர் நேரிலும் கடிதம் மூலமும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அகில் நாற்று விற்கிறார்கள், போடலாமா?" என்பதே அது. கடிதம் எழுதியவர்களில் ஒருவர் மரவள்ளி பயிரிடும் இரண்டரை ஏக்கர்க்காரர். மனைவியின் நகையை வங்கியில் வைத்து 300 நாற்று வாங்க எண்ணியிருப்பதாக எழுதியிருந்தார். இவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. முன்பு ஒருமுறை அப்படி ஒரே சொல்லில் பதில் சொல்லி என் சித்தப்பாவை நட்டத்தில் மாட்டிவிட்டவன் நான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அகில் என்றால் என்ன, காட்டில் கிடைக்கும் அகிலுக்கும் தோட்டத்தில் உண்டாக்கும் அகிலுக்கும் என்ன வேறுபாடு என்பதைப் பார்த்துவிடுவோம்.

அகில் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டிய செய்தியைப் பழைய இலக்கியங்களில் படித்திருப்பீர்கள். ஆனால் அப்பொருள் கடல் கடந்தும் வந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அகில் வகைகளைச் சொல்லுமிடத்தில் தக்கோலம், கிடாரம் ஆகிய ஊர்ப் பெயர்களைக் கொண்டே அவற்றைக் குறிக்கிறார். இவையெல்லாம் கடல் கடந்த துறைமுகங்கள். கிடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா. நமக்கு அகில் கப்பலிலும் வந்த சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்ற பெயரில் ஒரு மரம் இருக்கிறது. அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரம். பெயர் ஒத்திருக்கிறதே என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

நாம் பேசப்போகும் மரத்தின் இனப்பெயர் அக்குலேரியா. இதில் பல வகைகள் உண்டு. அக்குலேரியா மலாக்கென்சிஸ் என்பது அஸ்ஸாம், திரிபுரா முதலிய நம் வடகிழக்கு மாநிலங்களிலும், வங்கதேசம், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் வளர்வது. கிராஸ்னா என்ற வகை வியட்நாம், கம்போடியா, தாய்லாந்துப் பகுதிகளுக்கு உரியது. சைனென்சிஸ் தென்சீனத்துக்கு உரியது. அஸ்ஸாமில் இம்மரத்தைச் சாஞ்சி என்பார்கள். நாம் பனையோலையில் எழுதியது போல, அவர்கள் இதன் பட்டையைப் பதப்படுத்தி ஏடாக்கி நூல்கள் எழுதி வைத்தார்கள்.

மரத்துக்குள் என்ன இருக்கிறது?

சந்தன மரத்தை நீங்கள் அறிவீர்கள். வயது ஏற ஏற அதன் நடுவே மணமுள்ள வயிரம் பாய்கிறது. பொறுத்திருந்தால் போதும். அகில் அப்படியல்ல. நோய் நொடியில்லாமல் செழித்து வளர்ந்த அகில் மரத்தை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று, இலேசாக, மணமே இல்லாத கட்டைதான் இருக்கும். இருபது ஆண்டு கழித்து வெட்டினாலும் அப்படியே இருக்கலாம். பெட்டிப் பலகைக்கு ஆகுமே தவிர வேறெதற்கும் உதவாது.

மணம் எப்போது வருகிறதென்றால், மரத்துக்குக் காயம் பட்டு, அந்தக் காயத்தில் பூசணம் புகுந்து, மரம் அதனோடு போராடும்போது வருகிறது. பொதுவாக மரங்களின் கட்டைக்குள்ளே சாறு கடத்தும் உயிர்த்திசு பட்டையை ஒட்டியே இருக்கும். அக்குலேரியாவிலோ அத்திசு கட்டைக்குள்ளேயும் தீவு தீவாகப் பரவியிருக்கிறது. காயம் பட்டதும் இந்தத் தீவுகளில் கரிய பிசின் போன்ற ஒரு பொருள் ஊறத் தொடங்கி, சுற்றியுள்ள வெள்ளைக் கட்டையில் பாய்ந்து அதைப் பழுப்பாக்கி, பிறகு கறுப்பாக்குகிறது. இந்தக் கறுத்த பகுதிதான் அகில். கருவேலம் பிசின் போல இது வெளியே வழிந்து வராது. கட்டையோடு கட்டையாக நின்றுவிடும். ஆகவே மரத்தை வெட்டி, வெள்ளையைச் செதுக்கித் தள்ளித்தான் அகிலை எடுக்க முடியும்.

நம் மாமரத்தில் தண்டுத் துளைப்பான் விழுந்தால் நாம் பதறிப்போய்க் கம்பி விட்டுக் குத்தி எடுக்கிறோம். அஸ்ஸாமியக் குடியானவர் தம் சாஞ்சி மரத்தடியில் மரத்தூள் உதிர்ந்து கிடப்பதைக் கண்டால் மகிழ்ச்சியடைகிறார். ஏனெனில் அங்கே அகிலுக்கு வழி திறப்பது நியூரோசெர்ரா என்ற அந்துப்பூச்சியின் புழுதான். அது தண்டைத் துளைத்துச் சுரங்கம் போட, பின்னாலேயே பூசணம் குடிபுகுகிறது. நமக்குப் பயிர்ப் பாதுகாப்புப் பாடத்தில் எதிரியாகச் சொல்லித்தந்தது அங்கே முதலாளிக்குச் சமம்.

காட்டில் நடந்தது

இயற்கையில் இந்தக் காயம் எல்லா மரத்துக்கும் வாய்ப்பதில்லை. காட்டு மரங்களில் பத்தில் ஒன்றில் இருந்தாலே அதிகம் என்பது பொதுவான கணக்கு. எந்த மரத்தில் இருக்கிறதென்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்வதும் கடினம். ஓட்டை, நுனிக் கிளை காய்தல், இலை மஞ்சளித்தல், தண்டு வீங்குதல், எறும்பு ஏறுதல் ஆகிய அடையாளங்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். பழைய காலத்து மலைவாசிகள் பொறுமையாகப் பார்த்து, அகில் உள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மரத்தை விட்டு வைத்ததுண்டு. விலை ஏறிய பிறகு வந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. ஒரு கறுத்த மரத்துக்காக ஒன்பது வெள்ளை மரங்களையும் சாய்த்தார்கள்.

விளைவு என்ன? அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் மலாக்கென்சிஸ் வகை 1995-இல் சேர்க்கப்பட்டது. 2005 முதல் அக்குலேரியா இனம் முழுவதும் அப்பட்டியலில் உள்ளது. 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலாக்கென்சிஸை அழிவின் விளிம்பில் உள்ள மரமாக அறிவித்தது. அஸ்ஸாமில் இன்று காட்டில் தேடிப் பார்த்தால் அரிதாகவே தென்படும். பிழைத்திருப்பதெல்லாம் வீட்டுக் கொல்லைகளில்தான்.

அந்தக் கொல்லைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் மேல் அஸ்ஸாமில் கோலாகாட் பக்கம் சில கிராமங்களுக்குச் சென்றிருந்தேன். தகரக் கூரை வீடு. சுற்றிலும் பாக்கு மரம், அதில் ஏறிய வெற்றிலைக் கொடி, மூங்கில் புதர், வாழை. இவற்றின் நடுவே சாஞ்சி மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வரிசையுமில்லை, இடைவெளிக் கணக்குமில்லை. தானாக விழுந்து முளைத்த கன்றுகளைப் பிடுங்கி இடம் கண்ட இடத்தில் நட்டிருக்கிறார்கள். மழைக்குக் குறைவில்லை. தண்ணீர் பாய்ச்சுவதில்லை, தனியாக உரம் வைப்பதில்லை. உழவியல் படித்த எனக்குப் பார்க்கவே உறுத்தலாக இருந்தது. அந்த வீட்டுப் பெரியவரிடம், "ஒரு மரத்துக்கு என்ன வருமானம் வருகிறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சில மரத்துக்கு ஒன்றுமில்லை, ஒரு மரம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்" என்றார்.

அவர் விற்கிற முறையையும் கவனியுங்கள். வியாபாரி வந்து நின்ற மரத்தைச் சுற்றி வருகிறார். ஓட்டைகளை எண்ணுகிறார், தட்டிப் பார்க்கிறார், ஒரு விலை சொல்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. ஆனால் வியாபாரி இதுவரை ஆயிரம் மரம் வெட்டிப் பார்த்தவர். பெரியவர் இருபது மரம் பார்த்தவர். ஆகவே பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் தோப்போடு மாங்காயைக் குத்தகைக்கு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான், மாங்காயாவது கண்ணுக்குத் தெரிகிறது.

வெட்டிய மரம் ஹோஜாய் போன்ற ஊர்களுக்குப் போகிறது. அங்கே சிறு உளிகளால் வெள்ளையைச் சுரண்டி எடுத்து, கறுத்த துண்டுகளைத் தரம் பிரிக்கிறார்கள். தரம் குறைந்த கட்டையைப் பொடியாக்கி, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, வாலையில் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். மூட்டைக் கணக்கில் கட்டை போட்டால் தோலாக் கணக்கில் எண்ணெய் வரும். அத்தரும் துண்டும் பெரும்பாலும் அரபு நாடுகளுக்குப் போகின்றன.

தோட்டத்து அகில்

புழு வரட்டும் என்று காத்திராமல் நாமே காயம் செய்தால் என்ன என்று எண்ணியவர்கள் பலர். ஆணி அடித்தார்கள், கோடரியால் கொத்தினார்கள், துளை போட்டுப் பூசணத்தை ஊற்றினார்கள். பெரும்பாலும் ஏமாற்றந்தான். ஒன்று, காயம் ஆறி மூடிக்கொள்ளும். அல்லது அழுகல் பரவி மரமே பட்டுவிடும். காயம் ஆறவும் கூடாது, மரம் சாகவும் கூடாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் பிளான்செட் இதில் முக்கியமானவர். வியட்நாம் தோட்டங்களில் 1990-களின் நடுவிலிருந்து ஆய்வு செய்து, துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, காற்று தொடர்ந்து படும்படி காயத்தைத் திறந்தே வைக்கும் முறையைக் கண்டு, 2005-இல் காப்புரிமை பெற்றார். சீனத்தில் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது போல மருந்துக் கரைசலை மரத்துக்குள் ஏற்றும் முறை நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் ஜோர்ஹாட்டில் உள்ள மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் பூசணம் ஏற்றும் முறைகளை ஆராய்ந்து வருகிறது.

ஆகவே தோட்டத்தில் அகில் உண்டாக்க முடியுமா என்றால், முடியும். அது போலியுமல்ல, அதே மரம், அதே வகைப் பிசின். ஆனால் காட்டு அகிலும் இதுவும் ஒரே சரக்கு என்று சொல்பவரை நம்ப வேண்டாம். காட்டு மரத்தில் பத்து, இருபது, ஐம்பது ஆண்டு பிசின் பாய்ந்து பாய்ந்து கட்டை கனத்துவிடுகிறது. முதல் தரத் துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். சீன மொழியில் அகிலுக்கு 'மூழ்கும் மணம்' என்றே பெயர். தோட்டத்தில் ஐந்தாறு வயது மரத்துக்குக் காயம் செய்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் வெட்டுகிறார்கள். துளையைச் சுற்றி விரற்கடை அளவு பழுப்பு வளையம் இருக்கும், அதற்கப்பால் வெள்ளை. இது பெரும்பாலும் எண்ணெய்க்கும் ஊதுவத்திப் பொடிக்குமே போகிறது. முற்றிய மாங்காய் மரத்திலேயே பழுப்பதற்கும் பிஞ்சில் பறித்துப் பழுக்க வைப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று நான் சொல்வதுண்டு. உவமை சற்றுக் கடுமை என்று என் நண்பர்களான மர இயல் அறிஞர்கள் கோபிக்கிறார்கள். இருக்கட்டும்.

விலையிலும் இதே வேறுபாடு. கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் கட்டையும் அகில்தான், கிலோ பல இலட்சத்துக்குப் போகும் கட்டையும் அகில்தான். நாற்று விற்பவர் காட்டும் தாளில் நடப்பது என்னவென்றால், காட்டு அகிலின் முதல் தர விலையை எடுத்துத் தோட்ட மரத்தின் எடையால் பெருக்குகிறார். பிறகு அத்தனை மரமும் தப்பாமல் கறுக்கும் என்று வைத்து மரங்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறார். பெருக்கலில் பிழை இருக்காது. நானே சரிபார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பாவின் மரங்கள்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு ஊருக்கு வந்த சமயம். ஆனைமலை அடிவாரத்தில் சித்தப்பாவுக்குப் பாக்கும் தென்னையுமாக மூன்று ஏக்கர். காரில் வந்த ஒருவர் வண்ணத் தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். வளர்ந்த மரத்தைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக முத்திரைத் தாளில் எழுத்தும் உண்டு. சித்தப்பா அதை என் கையில் கொடுத்து, "ஏங்கண்ணு, நீ படிச்சவன், போடலாமா?" என்று கேட்டார்.

நான் தாளைப் படித்தேன். மண்ணின் தன்மை, மழை, இளங்கன்றுக்கு நிழல், 3 மீட்டர் இடைவெளி, வடிகால் எல்லாம் சரியாக இருந்தன. "போடலாம் சித்தப்பா" என்றேன். பிசின் எப்படி உண்டாகும், யார் உண்டாக்குவார்கள், அதன் செலவு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. அவர் 120 நாற்று வாங்கினார்.

மரங்கள் அருமையாக வளர்ந்தன. ஏழாம் ஆண்டு அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தபோது எண் உபயோகத்தில் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். கட்டடத்தில் வாடகைக்கு விடப்படும் என்ற பலகை தொங்கியது. அடுத்த ஆடிக் காற்றில் ஒரு மரம் சாய்ந்தது. அதை அறுத்துப் பார்த்தோம். முருங்கைக் கட்டை போல வெள்ளை. சித்தப்பா ஒரு சிராய் எடுத்து முகர்ந்தார். பிறகு அடுப்பில் போட்டார். விறகுப் புகைதான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நடுவதாயிருந்தால்

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழையை எட்டாத மானாவாரிக் காட்டில் இதை நினைக்கவே வேண்டாம். பாசனம் கொடுத்து வளர்க்கலாம் என்பார்கள். வளர்க்கலாம், அந்தத் தண்ணீருக்கு வேறு பயிர் வருமானம் தரும். மலையடிவாரத்தில் பாக்கு, காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஊடுமரமாக இருபது முப்பது வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. கடன் வாங்கி, இருக்கிற பயிரை அழித்து நடக்கூடாது.

நாற்று வாங்கும்போது கவனிக்க வேண்டியது விதையின் வயது. அகில் விதை நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்கத் தக்கதல்ல. காய் வெடித்து உதிர்ந்த சில நாட்களிலேயே முளைப்புத் திறன் வெகுவாகக் குறையும். எனவே விதை வாங்கி நாமே நாற்று விடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, பையில் வளர்ந்த கன்றாகவே வாங்குங்கள். எந்த வகை, எங்கிருந்து வந்த விதை என்று எழுதி வாங்குங்கள். நெருக்கி நட்ட தோட்டங்களில் ஹியார்ட்டியா என்ற இலைப்புழு கூட்டமாக வந்து மரத்தை மொட்டையாக்குவதுண்டு. இளம்புழுக்கள் ஒரே இலையில் கும்பலாக இருக்கும்போதே கிள்ளி அழித்துவிட்டால் மருந்துச் செலவு மிச்சம்.

விற்பவரிடம் நாற்று விலையைப் பேசுமுன் காயம் செய்வதைப் பற்றிக் கேளுங்கள். எத்தனையாம் ஆண்டில், எந்த முறையில், மரம் ஒன்றுக்கு என்ன செலவில் செய்வீர்கள்? அந்த முறையில் செய்து வெட்டிய மரத்தை எங்கே காட்டுவீர்கள்? அதை யார் வாங்கினார்கள், என்ன தரத்துக்கு, என்ன விலைக்கு? இவற்றுக்கு அவர் வண்ணத் தாளைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் ஒரு கறுத்த துண்டைக் கொடுத்து முகரச் சொன்னாலும் நம்பாதீர்கள். வெள்ளைக் கட்டையில் எண்ணெய் ஊட்டிக் கறுப்பேற்றி விற்பது இத்தொழிலில் சாதாரணம்.

ஏற்கெனவே நட்டவர்கள் நாற்று வாங்கிய இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி மர எண்ணிக்கையை அடங்கலில் பதிவு செய்துகொள்ளுங்கள். தோட்ட மரமானாலும் அகிலை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும். காட்டில் திருடியதல்ல என்பதற்கு உங்களிடம் சான்று இருக்க வேண்டும். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதிக்கு 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்குத் துண்டும் பொடியுமாக 1,51,080 கிலோ, எண்ணெய் 7,050 கிலோ என்று அளவு நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த அளவைப் பங்கிட்டுக்கொள்ள அஸ்ஸாமிலும் திரிபுராவிலும் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருப்பவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். 2020-இல் அஸ்ஸாமும் 2021-இல் திரிபுராவும் அகிலுக்கென்றே கொள்கை வகுத்துவிட்டன.

எல்லா மரத்துக்கும் ஒரே சமயத்தில் காயம் செய்யாதீர்கள். ஐந்தோ பத்தோ மரத்தில் செய்து, ஓராண்டு கழித்து ஒன்றை வெட்டிப் பார்த்து, பிறகு மற்றவற்றில் கை வைக்கலாம். மரம் நிற்பதால் நட்டமில்லை, தடிக்கத்தான் செய்யும்.

மரவள்ளிக்காரருக்கு நகையை வங்கியில் வைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சித்தப்பாவின் தோட்டத்தில் இப்போது 97 மரங்கள் நிற்கின்றன. சென்ற தை மாதம் அவற்றில் பத்து மரத்துக்குத் துளையிட்டுக் குழாய் செருகியிருக்கிறோம்; செலவு என்னுடையது. ஒன்றில் இலை மஞ்சளித்திருக்கிறது. வருகிற மாசியில் அதை வெட்டுவோம். உள்ளே இருப்பது கறுப்போ வெள்ளையோ, இதே இதழில் எழுதுகிறேன். பார்க்க விரும்புபவர்கள் ஒரு அஞ்சலட்டை போட்டால் நாளைத் தெரிவிக்கிறேன்.